மறதிநோய் விழிப்புணர்வு: ஜப்பான் வழியா, இங்கிலாந்து வழியா, சிங்கப்பூர் வழியா?

செப்டம்பர் 21 உலக அல்சைமர் தினம். டிமென்ஷியா எனப்படும் மறதிநோய்க்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது அல்சைமர்தான். அந்த வாரம் நெருங்கினாலே நடைப்பயணம், மருத்துவமனை வாசலில் பதாகை, மேடையில் ஒரு சிறப்புரை என்று அரசுத் துறைகளிடம் யோசனைகள் தயாராக இருக்கும். கூட்டம் சேரும், நாளிதழில் படம் வரும். அதே ஊரில், "மருமகள் எனக்குச் சோறே போடுவதில்லை" என்று பக்கத்து வீட்டில் போய் அழும் மூதாட்டியை மட்டும் யாரும் மருத்துவரிடம் அழைத்துப் போவதில்லை. சாப்பிட்டதை அவர் மறந்திருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை. மருமகளுக்குக் கெட்ட பெயர், அந்த அம்மாவுக்குச் சிகிச்சை இல்லாத இரண்டு மூன்று ஆண்டுகள். இப்படித்தான் போகிறது.

விளம்பரம் கூடினால் புரிதலும் கூடும் என்று நம்ப இடமில்லை. சர்வதேச அல்சைமர் நோய்க் கூட்டமைப்பு 2019இல் சுமார் 70,000 பேரிடம் கருத்துக் கேட்டது. டிமென்ஷியா முதுமையில் இயல்பாக வருவதுதான் என்று மூன்றில் இரண்டு பங்கினர் சொன்னார்கள். 2024இல் மறுபடி கேட்டபோது அது 80 சதவீதமாக ஏறியிருந்தது. மருத்துவத் துறையில் வேலை செய்பவர்களிலேயே 65 சதவீதம் பேர் அப்படி நினைக்கிறார்கள். இத்தனைக்கும், 2025க்குள் ஒவ்வொரு நாட்டிலும் குறைந்தது ஒரு விழிப்புணர்வு இயக்கமாவது நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2017இலேயே இலக்கு வைத்திருந்தது. அந்தச் செயல்திட்டத்தின் காலம் இப்போது 2031 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே ஏதோ ஓர் இயக்கம் நடந்தால் போதும் என்றிருக்க முடியாது. தமிழ்நாட்டில் எதை நடத்துவது என்று முடிவெடுத்தாக வேண்டும்.

அரசின் துணையோடு நடந்து, பல ஆண்டு அனுபவம் சேர்ந்துள்ள வழிகள் என்று பார்த்தால் ஜப்பான், இங்கிலாந்து, சிங்கப்பூர் மூன்றையும் எடுத்துக்கொள்ளலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: செய்தியைக் கேட்டவர் மறுநாள் காலை எதை வேறு மாதிரி செய்வார்?

ஜப்பான்: 90 நிமிட வகுப்பு

ஜப்பான் அரசு 2005இல் 'டிமென்ஷியா ஆதரவாளர்' திட்டத்தைத் தொடங்கியது. அமைப்பு எளிமையானது. ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயிற்சி பெற்றவர்கள் பயிற்றுநர்களாகிறார்கள். அவர்களை வைத்து நகராட்சிகளும் நிறுவனங்களும் 90 நிமிட வகுப்பு நடத்துகின்றன. வங்கி ஊழியர், பல்பொருள் அங்காடியின் கல்லாவில் இருப்பவர், காவலர், பள்ளிப் பிள்ளைகள் என்று யார் வேண்டுமானாலும் வரலாம். தேர்வு கிடையாது. முடித்தவருக்கு ஆரஞ்சு நிறக் கைவளையம் அடையாளமாகத் தரப்பட்டது. இன்று ஆதரவாளர்கள் ஒன்றரைக் கோடியைத் தாண்டிவிட்டார்கள்.

இந்த வகுப்பின் பலம் அதன் பாடத்தில் இருக்கிறது. நோயின் அறிவியலுக்குக் கொஞ்ச நேரம்தான். மீதியெல்லாம் நடந்துகொள்ளும் முறை. மூன்று 'கூடாது'களை மனப்பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள்: திடுக்கிட வைக்கக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது, சுயமரியாதையைப் புண்படுத்தக் கூடாது. வழியில் தடுமாறி நிற்கும் முதியவரைக் கண்டால் முதலில் சற்றுத் தள்ளி நின்று கவனிக்க வேண்டும். நாம் பதறக் கூடாது. நாலு பேர் சூழ்ந்துகொள்ளாமல் ஒருவர் மட்டும் போய்ப் பேச வேண்டும். பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது. அவர் கண் மட்டத்துக்குக் குனிந்து, மென்மையாக, தெளிவாகப் பேச வேண்டும். அவர் சொல்வதை முழுதாகக் கேட்டு, மெதுவாகப் பதில் சொல்ல வேண்டும். இவ்வளவுதான். கேட்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் நம் பேருந்து நிலையங்களில் வழி தெரியாமல் நிற்கும் பெரியவரைச் சுற்றி ஏழெட்டுப் பேர் கூடி, ஆளுக்கொரு கேள்வியாக "எந்த ஊரு, யாரு வீடு, போன் நம்பர் சொல்லு" என்று குடைவதை நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு விதியின் மதிப்பு தெரியும்.

ஃபுகுவோகா மாகாணத்தில் ஓமுதா என்று ஒரு பழைய நிலக்கரி நகரம். சுரங்கம் 1997இல் மூடப்பட்டது. இளைஞர்கள் வெளியேற, முதியவர்கள் மிஞ்சினார்கள். அந்த நகரம் 2004 முதல் ஒரு ஒத்திகை நடத்துகிறது. வழி தவறியவர்போல ஒருவர் தெருவில் நடந்து போவார். அவரைப் பற்றிய அடையாளங்கள் தகவல் வலைப்பின்னல் வழியாகக் கடைக்காரர்களுக்கும் குடியிருப்பாளர்களுக்கும் போகும். அவர்கள் அவரைக் கண்டுபிடித்து, அருகில் போய்ப் பேசிப் பழக வேண்டும். தெரிந்துவைத்திருப்பதற்கும் வாயைத் திறந்து முதல் வார்த்தை பேசுவதற்கும் நடுவே பெரிய தயக்கம் இருக்கிறது. அதை உடைப்பது ஒத்திகைதான். இந்த மூன்று நாடுகளின் திட்டங்களில் அப்படியே எடுத்துக்கொள்ளத் தகுந்த ஒன்றைச் சொல்லச் சொன்னால் ஓமுதாவின் ஒத்திகையைத்தான் சொல்ல வேண்டும்.

பிசகியது எங்கே? முதலாவது, எண்ணிக்கையே குறிக்கோளாகிவிட்டது. வகுப்பு முடித்தவர்களுக்கு அடுத்து என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை. கைவளையம் மேசை இழுப்பறைக்குள் போனது. இதைச் சரிசெய்ய 2019 முதல் 'டீம் ஆரஞ்சு' என்ற ஏற்பாடு வந்தது. ஆதரவாளர்களுக்குக் கூடுதல் பயிற்சி தந்து, தம் பகுதியில் உள்ள குறிப்பிட்ட குடும்பங்களுக்கு உதவும் சிறு குழுக்களாக அவர்களைச் சேர்ப்பது. முதல் நாளிலிருந்தே இருந்திருக்க வேண்டிய இது வர 14 ஆண்டுகள் ஆயின. இத்தனை கோடி ஆதரவாளர்கள் இருந்தும், 2023இல் மறதிநோயோடு காணாமல் போனதாகக் காவல்துறையில் பதிவானவர்கள் 19,039 பேர்.

இரண்டாவது பிசகு இன்னும் முக்கியமானது. 2019இல் ஜப்பான் அரசு தேசியக் கொள்கையை வரைந்தபோது, எழுபதுகளில் இருப்பவர்களிடம் நோய்விகிதத்தை ஆறு ஆண்டில் 6 சதவீதம் குறைப்போம் என்று வரைவில் எழுதியது. நோயுள்ளவர்களும் குடும்பத்தாரும் எதிர்த்தார்கள். தடுத்திருக்கலாம் என்று அரசே சொன்னால், நோய் வந்தவர் ஏதோ தப்புச் செய்தவர் என்றாகிவிடும் என்பது அவர்கள் வாதம். இலக்கு கைவிடப்பட்டது. 2023இல் நிறைவேறி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த மறதிநோய் அடிப்படைச் சட்டம், நோயுள்ளவர் கண்ணியத்தோடு சமூகத்தில் வாழ்வதை முன்னே வைக்கிறது.

ஜப்பானில் விழிப்புணர்வு பணப் பொறுப்பு வரைக்கும் போனது. 2007இல் ஐச்சி மாகாணத்தின் ஓபு நகரில் மறதிநோயுள்ள 91 வயதுக்காரர் வீட்டிலிருந்து வெளியேறி ரயிலில் அடிபட்டு இறந்தார். நஷ்டஈடு கேட்டு ரயில் நிறுவனம் குடும்பத்தின்மீது வழக்குப் போட்டது. குடும்பம் பொறுப்பல்ல என்று 2016 மார்ச் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோபே நகரம் 2019இல் ஒரு படி மேலே போய், குடியிருப்போர் வரியில் ஆளுக்கு ஆண்டுக்கு 400 யென் கூட்டி, அந்தப் பணத்தில் முதியோருக்கு இலவசமாக நோய் கண்டறியவும் விபத்து இழப்பீட்டுக்கும் வழி செய்தது. வீட்டில் பூட்டி வைக்க வேண்டியதில்லை என்று குடும்பத்துக்கு இதைவிட உறுதியாகச் சொல்லும் விளம்பரம் எது இருக்கிறது?

இங்கிலாந்து: பதக்கமும் மாதாந்திர எண்ணும்

இங்கிலாந்தின் முதல் தேசிய மறதிநோய்க் கொள்கை 2009 பிப்ரவரியில் வந்தது. அப்போது நோயுள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் முறையாகக் கண்டறியப்பட்டிருந்தது. 2012இல் பிரதமர் டேவிட் கேமரன் இதைத் தன் சொந்த அறைகூவலாக எடுத்துக்கொண்டார். அரசு உதவியோடு அல்சைமர் சங்கம் 'டிமென்ஷியா நண்பர்கள்' திட்டத்தை நடத்தியது. ஜப்பானைப் பார்த்துச் செய்ததுதான். ஆனால் நேரம் ஒரு மணிக்குள் சுருங்கியது, பிறகு இணையத்தில் காணொளி பார்த்தாலே நண்பராகலாம் என்றும் ஆனது. 2015 பிப்ரவரிக்குள் பத்து லட்சம் பேர்.

ஐந்து செய்திகள்தான் பாடம்: டிமென்ஷியா முதுமையின் இயல்பான பகுதி அல்ல, அது மூளை நோய்களால் வருகிறது, நினைவிழப்பு மட்டுமே அல்ல, அதோடு நல்லபடி வாழ முடியும், நோயைத் தாண்டி அந்த மனிதர் இருக்கிறார். இதை விளக்க ஒரு புத்தக அலமாரியைச் சொல்வார்கள். மேல்தட்டில் நேற்றைய நினைவுகள், அடித்தட்டில் பால்ய நினைவுகள். அலமாரி ஆடும்போது மேல்தட்டுதான் முதலில் சரியும். உணர்ச்சிகளுக்கு மட்டும் தனியாக இன்னோர் அலமாரி, உறுதியானது. மகள் வந்து சண்டை போட்டதை அம்மா மறந்துவிடுவார். ஆனால் மனத்தில் ஏறிய வருத்தம் அன்று முழுக்க இருக்கும். ஒரு மணி நேரத்தில் இவ்வளவு புரியவைப்பது சிறிய காரியமல்ல. ஆனாலும் பேசிப் பழகும் ஒத்திகை இல்லாததால், சட்டையில் நீலப் பூப் பதக்கம் குத்திய பலருக்கு அடுத்த அடி எடுத்துவைக்கத் தெரியவில்லை என்பதே இதன் குறை.

இங்கிலாந்திடம் உண்மையில் கற்க வேண்டியது வேறு. உத்தேச நோயாளிகளில் 66.7 சதவீதம் பேருக்காவது நோய் கண்டறியப்பட்டிருக்க வேண்டும் என்று இலக்கு வைத்து, அந்த எண்ணை வட்டாரவாரியாக மாதந்தோறும் வெளியிட்டார்கள். 2015இல் இலக்கைத் தொட்டார்கள். கொரோனாவில் அது சரிந்ததும் எல்லோர் கண்ணிலும் பட்டது. பிரசாரம் வேலை செய்கிறதா என்று பார்க்க இதைவிட நேரடியான அளவுகோல் கிடையாது.

அந்த எண்ணைத் துரத்துவதிலும் ஆபத்து இருந்தது. 2014 அக்டோபரில், புதிதாகக் கண்டறியும் ஒவ்வொரு நோயாளிக்கும் குடும்ப மருத்துவர்களுக்கு 55 பவுண்டு தருவதாக அறிவித்தார்கள். நோயாளி தலைக்கு விலையா என்று மருத்துவர்களே கொதித்தார்கள். 2015 மார்ச்சோடு அது நின்றது. இன்னொரு சிக்கல், விழிப்புணர்வால் மருத்துவரைத் தேடி வந்தவர்கள் நினைவாற்றல் சிகிச்சையகங்களில் காத்துக்கிடந்ததும், கண்டறிந்த பிறகு தொடர்ந்து கைகொடுக்கப் போதிய ஆளில்லாததும். போக இடம் இல்லாமல் ஆட்களைக் கிளப்பிவிடக் கூடாது.

சிங்கப்பூர்: ஆள் அல்ல, இடம்

சிங்கப்பூர் 2016இல் யீஷூன் வட்டாரத்திலிருந்து ஆரம்பித்தது. லியன் அறக்கட்டளையும் கூ டெக் புவாட் மருத்துவமனையும் முன்னெடுத்த முயற்சி, சுகாதார அமைச்சு, ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு ஆகியவற்றின் துணையோடு நாடு முழுவதற்கும் விரிந்தது. எல்லோரையும் நண்பராக்குவதைவிட, வழி தவறியவரைக் கூட்டிக்கொண்டு வந்து ஒப்படைக்க நிச்சயமான இடங்களை உருவாக்குவதில் அது கருத்தாக இருந்தது. சமூக மன்றம், நூலகம், கடை போன்ற இடங்களின் ஊழியர்கள் பயிற்சி பெற்றிருப்பார்கள். வாசலில் அடையாளம் ஒட்டியிருக்கும். மறதிநோயுள்ளவர்களுக்கான 'காரா' செயலியில் பதிந்தவரிடம் உள்ள கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் பராமரிப்பவருக்குத் தகவல் போகும். கெபுன் பாரு வட்டாரத்தில் ஒன்றுபோலவே இருக்கும் வீவக (அரசு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்ககங்களின் கீழ்த்தளச் சுவர்களில் பழைய காலப் பொருள்களைப் பெரிதாக, பளிச்சென்று வரைந்திருக்கிறார்கள். கட்டட எண் மறந்துபோனவருக்கும் "என் வீட்டுக்குக் கீழே இந்தப் படம்" என்பது பிடிபடும்.

தகவல் ஏடுகள் ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் நான்கிலும் வருகின்றன. தமிழில் முதலிலிருந்து எழுத உட்காரும் துறைகள் அவற்றைப் பார்த்துவிட்டு ஆரம்பிப்பது நல்லது.

மனநலக் கழகத்தின் ஆய்வுப்படி 60 வயதுக்கு மேற்பட்டோரில் டிமென்ஷியா 2013இல் 10 சதவீதம், 2023இல் 8.8 சதவீதம். நோய் இருந்தும் கண்டறியப்படாமல், சிகிச்சை இல்லாமல் இருப்போர் 70.6இலிருந்து 51.5 சதவீதமாகக் குறைந்தார்கள். பெருமையெல்லாம் விழிப்புணர்வுக்கே என்று சொல்லிவிட முடியாது. கல்வி உயர்ந்தது, மருத்துவ வசதி பெருகியது. ஆனாலும் இரண்டாவது எண் நகர்ந்திருப்பது கவனிக்கத்தக்கது. ஒரே நகரம், ஒரே வீட்டு வாரியம், கையில் பணம் என்ற சாதகங்கள் எல்லா நாட்டுக்கும் வாய்க்காது.

தமிழ்நாட்டுக்கு எது?

10/66 என்ற ஆய்வுக்குழுவின் பெயரிலேயே ஒரு கணக்கு இருக்கிறது. உலக மறதிநோயாளிகளில் 66 சதவீதம் பேர் வாழும் நாடுகளில் 10 சதவீத ஆய்வுதான் நடக்கிறது என்பது அது. இந்தக் குழு சென்னையிலும் வேலூர் கிராமங்களிலும் ஆய்வு செய்து 2008இல் வெளியிட்டது. வழக்கமான மனநல மருத்துவ வரையறையைப் போட்டுப் பார்த்தால் கிராமப்புறத்தில் நோயுள்ளவர்கள் வெறும் 0.3 சதவீதம். அந்தக் குழு வடிவமைத்த முறையில் பார்த்தால் பல மடங்கு அதிகம். காரணம், வழக்கமான வரையறைக்கு, பெரியவரின் அன்றாடச் செயல்பாடு குறைந்துவிட்டது என்று குடும்பம் சொல்ல வேண்டும். குடும்பம் சொல்லவில்லை. சமையலை மருமகள் பார்த்துக்கொள்கிறார், கணக்கை மகன் பார்த்துக்கொள்கிறார், பெரியவர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். எதையும் செய்ய வேண்டியிராதவருக்குச் செய்ய முடியாமல் போனது யார் கண்ணிலும் படுவதில்லை. தேசிய அளவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் 7.4 சதவீதம், அதாவது சுமார் 88 லட்சம் பேர் என்று 2023இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது.

எனவே நம் முதல் சிக்கல் தெருவில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது. பதக்கமும் நடைப்பயணமும் வீட்டுக்குள் போகாது. வீட்டுக்குள் போகிறவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பெண் தன்னார்வலர்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொண்டுபோகிறவர்கள். இந்த இரண்டும் மறதிநோய்க்கான ஆபத்துக் காரணிகள் என்பதால் அவர்கள் போகும் வீடுகளே நாம் போக வேண்டிய வீடுகள். ஜப்பானின் 90 நிமிட வகுப்பு முதலில் இவர்களுக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கும்தான் போக வேண்டும். 25 பேருக்கு மேல் ஒரு வகுப்பில் வேண்டாம். கடைசி 30 நிமிடம் ஒத்திகை: ஒருவர் பாட்டியாக, ஒருவர் எரிச்சலடைந்த மகனாக, ஒருவர் தன்னார்வலராக.

"மறதி இருக்கிறதா" என்று கேட்கச் சொல்லிக்கொடுத்தால் பயனில்லை. எல்லா வீட்டிலும் 'வயசாயிடுச்சு, இருக்கத்தான் செய்யும்' என்பார்கள். கேட்க வேண்டியவை வேறு. ஆறு மாதம், ஒரு வருடத்துக்கு முன் செய்துகொண்டிருந்த எதை இப்போது விட்டுவிட்டார்? தெரிந்த தெருவில் வழி தவறினாரா? நகையைக் காணோம், பணத்தைத் திருடிவிட்டார்கள் என்று வீட்டாரைச் சந்தேகப்படுகிறாரா? ஒரே மாத்திரையை இரண்டு முறை போடுகிறாரா? கோலம், பூஜை, சமையல் இவற்றில் வரிசை குழம்புகிறதா? சாப்பிட்டதும் சாப்பிடவில்லை என்கிறாரா? சண்டையும் பழியுமாக வெளிப்படும் அறிகுறிகளைக் குடும்பம் நோயாக நினைப்பதே இல்லை. அதனால் இந்தக் கேள்விகளே பதாகையிலும் வர வேண்டும். கரைந்துபோகும் தலை, உதிரும் முகம் போன்ற படங்கள் வேண்டாம். பார்ப்பவருக்குப் பயம் வருமே தவிர, மருத்துவரிடம் போகும் எண்ணம் வராது.

'நினைவாற்றல் பரிசோதனை முகாம்' என்று மைதானத்தில் வரிசையில் உட்காரவைத்து மதிப்பெண் போடுவதைத் தவிர்க்க வேண்டும். பரவலாகப் பயன்படும் 30 மதிப்பெண் சோதனையில் ஒரு வாக்கியம் படித்துச் செய்ய வேண்டும், ஒன்று எழுத வேண்டும், இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைய வேண்டும், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டும். பள்ளிக்கூடமே போகாத ஒருவர் நல்ல நினைவோடு இருந்தும் இதில் தோற்பார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் நோயின் தொடக்கத்திலும் தேறிவிடுவார். தப்பாகப் பெயர் ஒட்டப்பட்ட ஒருவர் போதும், அந்த ஊரில் அடுத்த முகாமுக்கு யாரும் வரமாட்டார்கள்.

வகுப்புக்கு முன்பே ஒரு பக்கத் தாள் தயாராக வேண்டும்: எந்த அரசு மருத்துவமனை, எந்தப் புறநோயாளிப் பிரிவு, எந்தக் கிழமை, எத்தனை மணிக்குள். மாவட்ட மனநலத் திட்டத்தினரும் நரம்பியல் துறையினரும் ஒப்புக்கொண்ட தாளாக அது இருக்க வேண்டும். கூடவே வசிப்பவர் ஒருவர் வர வேண்டும், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்து வர வேண்டும் என்று அதில் இருக்கட்டும். பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் இப்படிக் குழப்பத்தை உண்டாக்கும், இவை சரிசெய்யக்கூடியவை என்ற ஒரு வரி கட்டாயம் வேண்டும். 'இதுக்குத்தான் மருந்தே இல்லையாமே' என்று கிளம்பாமல் இருப்பவர்களைக் கிளப்புவது அந்த வரிதான். முதியோர் உதவி எண் 14567ஐயும், மனநல உதவி எண் 14416ஐயும் அடியில் போடலாம். அந்த எண்களில் பேசுபவர்களுக்கும் அதே தாளைக் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அழைத்தவர் வெறுங்கையோடு திரும்புவார்.

சென்னை, கோவை போன்ற நகரங்களில் அடுத்த கட்டமாகச் சிங்கப்பூர் முறை பொருந்தும். ஒரு வட்டத்துக்கு நாலைந்து இடம் போதும்: ரேஷன் கடை, பேருந்து நிலைய நேரக்காப்பாளர் அறை, காவல் நிலையம், கோயில் அலுவலகம், ஓய்வூதியம் வாங்க வரும் வங்கிக் கிளை. ஊழியர் இடமாற்றத்தில் பயிற்சி கரைந்துபோகும் என்பதால் ஆண்டுக்கு ஒரு முறை மறுவகுப்பு வேண்டும். பெண் காவலர்களைக் கட்டாயம் சேர்க்க வேண்டும். 'திருடிவிட்டார்கள்', 'சோறு போடவில்லை' என்ற புகார்கள் முதலில் போய்ச் சேரும் இடங்களில் காவல் நிலையமும் ஒன்று.

தடுப்புச் செய்தியைச் சொல்லலாமா? சொல்லலாம், அளவோடு. 14 ஆபத்துக் காரணிகளை வாழ்நாள் முழுதும் கையாண்டால் உலகில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்புண்டு என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024இல் சொன்னது. காது கேளாமை, பார்வைக் குறைவு, கெட்ட கொழுப்பு, பள்ளிப் படிப்பின்மை எல்லாம் அதில் அடக்கம். ஆனால் இது நாற்பது வயதுக்காரர்களுக்கான செய்தி, ரத்த அழுத்தம் பார்க்கும் மேசையில் சொல்ல வேண்டியது. நோய் வந்த குடும்பங்கள் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இதையே உரக்கப் பேசினால், ஜப்பானில் எழுந்த அதே நியாயமான கோபம் இங்கேயும் எழும்.

எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கைத் துறைக்கு அனுப்பத்தான் வேண்டியிருக்கும். அதோடு மூன்று எண்களைச் சேர்க்கலாம்: தன்னார்வலர் அனுப்பிவைத்தவர்கள் எத்தனை பேர், மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தவர்கள் எத்தனை பேர், முதல் அறிகுறியிலிருந்து அங்கு வர எத்தனை மாதம் ஆனது. வகுப்பு முடிந்த மூன்றாம் மாதம் அதே தன்னார்வலர்களை அரை மணி நேரம் கூட்டி, அனுப்பியும் போகாதவர்களைப் பற்றிக் கேட்க வேண்டும். பேருந்துக் காசா, அழைத்துப்போக ஆளில்லையா, ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற கூச்சமா, அல்லது போனவரை மருத்துவரே "வயசாயிடுச்சும்மா" என்று திருப்பி அனுப்பினாரா என்று வீட்டுக்கு வீடு எழுதி வாங்க வேண்டும். கடைசிக் காரணம் அதிகமாக வந்தால், அடுத்த ஆண்டு வகுப்பு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கு நடக்க வேண்டும்.